ஆறு பேர் மேசையில் காத்திருந்தால் என்ன ஆகும்?

கேள்வி: ஹோல்டம் போக்கர் (ஆளுக்கு இரண்டு சீட்டை மறைத்துக் கொடுத்து, ஐந்தைப் பொதுவாகத் திறக்கும் சீட்டாட்டம்) ஓரளவு ஆடுவேன், பெரும்பாலும் ஒன்பது பேர் மேசையில், அதுவும் இணையத்தில். இப்போது முதல்முறையாக நேரில் ஒரு சின்ன டோர்னமென்ட்டுக்குப் போகிறேன். மொத்தம் 12 பேர், மேசைக்கு ஆறு பேர். ஆளுக்கு 5,000 சிப். பிளைண்ட் (ஒவ்வொரு கையிலும் இருவர் முன்கூட்டியே கட்டாயமாக வைக்கும் பந்தயம்) 25/50-இல் தொடங்கி 20 நிமிடத்துக்கு ஒருமுறை ஏறும். ஆன்டி (எல்லோரும் வைக்கும் கட்டாயத் தொகை) கிடையாது. பரிசு முதல் மூன்று பேருக்கு, 50, 30, 20 சதவீதம். என் ஆட்டத்தில் எதை மாற்ற வேண்டும்?

பதில்: 5,000 சிப், 50 பிளைண்ட் என்றால் நூறு மடங்கு இருக்கிறது, நிதானமாக ஆடலாம் என்றுதான் எல்லோருக்கும் தோன்றும். அந்த நிதானம் எவ்வளவு நேரத்துக்குத் தாங்கும் என்று முதலில் பார்த்துவிடுவோம்.

நேரில் ஆடும்போது சீட்டைக் கலைக்க வேண்டும், சிப்பை எண்ண வேண்டும், நடுவில் ஒருவர் ஃபோனை எடுத்துப் பேசிக்கொண்டிருப்பார். மணிக்கு 35 கை (ஒருமுறை சீட்டுப் போட்டு ஆடி முடிப்பது ஒரு கை) தேறினால் அதிகம். 20 நிமிட லெவலில் 11 அல்லது 12 கை, அதாவது மேசையை ஏறக்குறைய இரண்டு சுற்று. இரண்டு மணி நேரத்தில் எழுபது கை. ஏஸ் ஜோடி, கிங் ஜோடி, குயின் ஜோடி, ஏஸ்-கிங், இந்த நான்கில் ஏதாவது ஒன்று கைக்கு வருவது சராசரியாக 39 கைக்கு ஒருமுறை. ஆக, இரண்டு மணி நேரத்தில் இரண்டு தடவை வரலாம். வராமலும் போகலாம்.

பிளைண்ட் அதுவரை காத்திருக்காது. 25/50, 50/100, 75/150, 100/200, 150/300, 200/400 என்று ஏறுவதாக வைத்துக்கொள்ளுங்கள். லெவலுக்கு இரண்டு சுற்று வீதம் வெறுமனே ஃபோல்டு செய்துகொண்டு (சீட்டைப் போட்டுவிட்டு விலகிக்கொண்டு) உட்கார்ந்திருந்தாலே 3,600 சிப் போய்விடும். மீதி 1,400. அடுத்த லெவலில் பிக் பிளைண்ட் (இரண்டில் பெரியது) 600. அந்த நேரம் பார்த்து ஏஸ் ஜோடி வந்து, இரட்டிப்பாகி என்ன பயன்?

அதனால் சீட்டுக்காக உட்கார்ந்திருக்காதீர்கள். இடத்தைப் பார்த்து ஆடுங்கள். ஆறு பேர் மேசையில் முதலில் பேசுகிறவருக்கு (முடிவு சொல்கிறவருக்கு) பின்னால் ஐந்து பேர்தான். ஒன்பது பேர் மேசையில் மூன்று பேர் ஃபோல்டு செய்தபிறகு உங்களுக்கு முறை வந்தால் எப்படியோ, அதேதான் இது. புதிதாக எதையும் மனப்பாடம் செய்ய வேண்டாம், முதல் மூன்று இருக்கைகளை மறந்துவிட்டால் போதும். பின்னால் எட்டு பேர் இருந்தால், அவர்களில் ஒருவரிடமாவது முதல் பத்து சதவீதத்துக்குள் வரும் நல்ல கை இருக்க வாய்ப்பு 57 சதவீதம். ஐந்து பேர் என்றால் 41. பட்டனில் (பிளைண்ட் வைக்கும் இருவருக்கும் முந்திய இருக்கையில்) உட்கார்ந்திருக்கும்போது இரண்டே பேர், வெறும் 19.

பிளைண்ட் 100/200. எல்லோரும் ஃபோல்டு, பட்டனில் நீங்கள், கையில் வேறு வேறு சின்னத்தில் கிங்-ஒன்பது. ஒன்பது பேர் மேசையின் பழக்கத்தில் கை தானாகச் சீட்டைத் தள்ளப் போகும். தள்ளாதீர்கள். 450 என்று ரெய்ஸ் செய்யுங்கள், அதாவது பந்தயத்தை ஏற்றுங்கள். நடுவில் கிடக்கும் 300 பல தடவை சண்டையே இல்லாமல் வந்துவிடும். யாராவது கால் செய்தாலும் (அதே தொகையை வைத்தாலும்) ஃப்ளாப்புக்குப் பிறகு (முதல் மூன்று பொதுச் சீட்டு திறந்தபிறகு) கடைசியில் பேசுவது நீங்கள்தான்.

இங்கே பலர் தப்பாகப் புரிந்துகொள்வது ஒன்று உண்டு. தளர்வாக ஆடச் சொன்னது ரெய்ஸுக்கு, காலுக்கு அல்ல. அதே கிங்-ஒன்பதை வைத்துக்கொண்டு இன்னொருவரின் ரெய்ஸுக்குக் கால் போட்டு, ஃப்ளாப்பில் கிங் விழுந்து, எதிரில் ஏஸ்-கிங் இருந்து வெளியே போனவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். சிப் பத்து, பன்னிரண்டு பிளைண்டுக்குக் கீழே இறங்கியபிறகு சின்ன ரெய்ஸும் வேண்டாம். ஆடுவதென்றால் ஆல்-இன் (இருக்கும் சிப் முழுவதும்), இல்லையென்றால் ஃபோல்டு.

இனி நேரில் ஆடுவதில் உள்ள சிக்கல்கள். எதிராளியின் கண்ணைப் பார்த்தே சீட்டைச் சொல்லிவிடலாம் என்பதில் எனக்கு அவ்வளவு நம்பிக்கை இல்லை. ஒன்றே ஒன்று உண்மையாகவே உதவும்: உங்கள் முறை வந்ததும் ஒரு நொடி இடதுபக்கம் பாருங்கள். ஃபோல்டு செய்யப் போகிறவர் பாதிப்பேர் முன்கூட்டியே சீட்டைத் தூக்கிப் பிடித்திருப்பார்கள். நீங்கள் பட்டனில் இருக்கும்போது பின்னால் உள்ள இருவரும் அப்படி இருந்தால் எந்தச் சீட்டு வந்தாலும் ரெய்ஸ்தான்.

வாயைத் திறந்து சொல்லிவிட்டு சிப்பை வையுங்கள். இதை நான் காசு கொடுத்துக் கற்றுக்கொண்டேன். பிளைண்ட் 100/200, கையில் குயின் ஜோடி. ஒரே ஒரு ஆயிரம் சிப்பை ஒன்றும் சொல்லாமல் முன்னால் தள்ளினேன், ரெய்ஸ் என்ற நினைப்பில். டீலர் 800 சிப்பைத் திருப்பிக் கொடுத்தார். முன்னால் பிளைண்டோ பந்தயமோ இருக்கும்போது எதுவும் சொல்லாமல் ஒற்றைச் சிப்பை வைத்தால், அது எவ்வளவு பெரிய சிப்பாக இருந்தாலும் கால் என்றுதான் கணக்கு. பிக் பிளைண்டில் இருந்தவர் ஏழு-நான்கை வைத்துக்கொண்டு இலவசமாக ஃப்ளாப் பார்த்தார், இரண்டு ஜோடி. மிச்சத்தைச் சொல்ல வேண்டியதில்லை. சிப்பை இரண்டு தவணையாக எடுத்து வைப்பதும் இப்படித்தான் மாட்டிவிடும், முதலில் வைத்தது மட்டுமே செல்லும்.

சரி, நான்கு பேர் மிஞ்சிவிட்டீர்கள், ஒருவர் வெறுங்கையோடு போக வேண்டும். மொத்தம் 60,000 சிப், ஆளுக்குச் சராசரி 15,000. பிளைண்ட் அப்போது 400/800 பக்கம் இருக்கும். சராசரியாக ஆளுக்கு இருபது பிளைண்ட்கூட இருக்காது. இதுவரை சொன்னதில் பாதியை இங்கே திருப்பிப் போட வேண்டும்.

நால்வரிடமும் சமமாகச் சிப் இருந்தால் பரிசில் உங்கள் பங்கின் மதிப்பு 25 சதவீதம். ஒருவரை ஆல்-இன்னில் வென்று 30,000 ஆக்கினால் அது 50 ஆகும் என்று நினைப்பீர்கள். ஆகாது. முதல், இரண்டு, மூன்றாம் இடங்களுக்கான வாய்ப்பைத் தனித்தனியாகக் கணக்கிட்டால் 38.3தான் வருகிறது. தோற்றால் சுழி. ஆகவே ஆல்-இன்னுக்குக் கால் போட, ஏறக்குறைய 65 சதவீதம் ஜெயிக்கிற கை வேண்டும். பிளைண்டில் கிடப்பதைச் சேர்த்தால் கொஞ்சம் குறையும். ஒருவர் தன் சீட்டைப் பார்க்காமலே ஆல்-இன் தள்ளுகிறார் என்றே வையுங்கள். வேறு சின்னத்தில் ஏஸ்-எட்டு அவரை வெல்வது சுமார் 60 சதவீதம்தான். ஃபோல்டு. மனசு கேட்காது, ஆனாலும் ஃபோல்டு. இதே கணக்கு மற்றவர்களையும் கட்டிப்போடுகிறது என்பதால் ஆல்-இன் தள்ளுகிறவராக இருப்பதில்தான் லாபம். ஆனால் எதற்கும் கால் போடுகிற ஒருவர் மேசையில் இருந்தால் அவரிடம் இந்த வித்தை பலிக்காது, நல்ல கைக்குக் காத்திருங்கள்.

மூன்று பேர் ஆனதும், நேரமாகிவிட்டது, பிரித்துக்கொள்வோமா என்று ஒருவர் கேட்பார். கேட்பது அநேகமாக அதிகச் சிப் வைத்திருப்பவர், சிப் விகிதப்படி பிரிக்கலாம் என்பார். 30,000, 20,000, 10,000 என்று இருந்தால் அவர் சொல்கிற கணக்கில் அவருக்கு 50, அடுத்தவருக்கு 33.3, கடைசி ஆளுக்கு 16.7. அதாவது ஆடாமலே அவருக்கு முதல் பரிசு முழுதும் கிடைக்கிறது. உள்ளபடி மதிப்பு 38.5, 34, 27.5. அந்த 10,000 சிப் உங்களுடையதாக இருந்தால், அடுத்த கையிலேயே தோற்று மூன்றாவதாகப் போனாலும் 20 சதவீதம் உங்களுக்கு உறுதி. சீட்டைப் போடச் சொல்லுங்கள்.