வீட்டு மரத்தூர் எடுக்க கம்மி பட்ஜெட்ல சின்ன ஸ்டம்ப் கிரைண்டர் எது வாங்கலாம்?

சென்னை கொடுங்கையூர்ல வீட்டுக்குப் பின்னாடி ஒரு வேப்பந்தூர், ஒரு தென்னந்தூர் இருக்கு, சின்ன ஸ்டம்ப் கிரைண்டரா, அதாவது தூர சீவித் தூளாக்குற மெஷினா, வாங்கி எடுத்துட்டு அப்புறம் வாடகைக்கு விடலாமான்னு கேட்டிருக்கீங்க. நான் பெரம்பூர், வியாசர்பாடி, மாதவரம் பக்கம் மரம் வெட்டுற வேலை எடுத்து செய்யறவன், அதனால நம்ம ஏரியா மண்ண வச்சே சொல்றேன்.

எல்லாரும் எடுத்தவுடனே எத்தன ஹெச்பின்னு தான் கேக்கறாங்க, ஆனா நம்ம பக்கம் செலவு வைக்கிறது பல்லு. சக்கரத்துல போல்ட் போட்டு முடுக்கியிருக்கற பல்லு முனையில டங்ஸ்டன் கார்பைடு இருக்கும், கட்டைய சீவித் தூளாக்குறது அது தான். எவ்ளோ கெட்டி மரமா இருந்தாலும் கார்பைடு தாங்கும், ஆனா ஒரு கருங்கல் ஜல்லி பட்டுச்சுன்னா முனை தெறிச்சிடும். நம்ம பக்கம் பள்ளமான மனைய ரப்பீஸ் கொட்டி மேடாக்கி தான் நிறைய பேர் வீடு கட்டியிருக்காங்க, வேரு அந்த செங்கல், சிமெண்ட் கட்டி, துருப்பிடிச்ச கம்பி எல்லாத்தையும் கவ்விக்கிட்டே வளந்திருக்கும், மேல இருந்து பாத்தா ஒண்ணுமே தெரியாது. காசிமேடு, திருவொற்றியூர் கடலோரம் மணல் மண்ணுல இந்த தொல்லை கம்மி. அதனால கடையில முதல் கேள்வி இது தான்: பல்லு தனியா கிடைக்குமா, ஒரு செட் என்ன விலை, மழுங்கினா திருப்பிப் போட்டு அடுத்த முனைய யூஸ் பண்ணலாமா. இதுக்கு சரியா பதில் சொல்லாத கடையில எவ்ளோ கம்மியா குடுத்தாலும் வாங்காதீங்க, ஏன்னா பல்லு போன அன்னைக்கு அது வெறும் இரும்பு தான்.

இஞ்சின் விஷயத்துல ஸ்டிக்கர்ல போட்டிருக்க ஹெச்பிய நம்பாம சிசி, அதாவது இஞ்சின் சிலிண்டரோட கொள்ளளவு, எவ்ளோன்னு கேளுங்க. ஹோண்டா ஜிஎக்ஸ்390 இஞ்சின் 389 சிசி, அதே மாடல பாத்து செஞ்ச சீனா இஞ்சினும் நிறைய வருது, விலை கம்மி, கார்புரேட்டர், ரீகாயில் (கயிறு இழுத்து ஸ்டார்ட் பண்ற பார்ட்) மாதிரி சில்லறை சாமான் பெரும்பாலும் ஒத்துப்போகும், லோக்கல் மெக்கானிக்கே பாத்துடுவாரு. 200 சிசி சுத்தி இருக்கறது முருங்கை மாதிரி மெத்து மரத்துக்கு ஓகே, காஞ்ச வேம்புல திணறி நின்னு நின்னு போகும், உங்களுக்கு வேலை முடியாது. சக்கரத்துக்கு பெல்ட் வழியா ஓட்டம் போற மாதிரி இருந்தா நல்லது, கல்லுல இடிச்சா பெல்ட் வழுக்கி அந்த அடி நேரா இஞ்சின் ஷாஃப்ட்டுக்கு போகாது.

அப்புறம் டேப் எடுத்து கேட்டையும் சைடு சந்தையும் அளந்துடுங்க. நம்ம வீடுகள்ல பின்பக்கம் போற வழியே ரெண்டரை அடி தான் இருக்கும், அதுலயும் மோட்டார், பைப் எல்லாம் நிக்கும்.

ஆனா நேர்மையா சொல்லணும்னா ரெண்டே தூருக்காக மெஷின் வாங்காதீங்க. தென்னைக்கு கிரைண்டரே வேணாம், அதுல இருக்கற நார் ஷாஃப்ட்ல சுத்திக்கிட்டு பேரிங்க நாசம் பண்ணும். தென்னைக்கு ஆணிவேர் கிடையாது, விரல் தண்டி வேரு தான் சுத்தி இருக்கும், சுத்திலும் பள்ளம் எடுத்து கடப்பாரையால வேர வெட்டி விட்டா ரெண்டு ஆளு சாச்சிடுவாங்க. அது துளிர்க்காது தான், அதுக்காக அப்படியே மக்க விடாதீங்க, மக்கின தென்னங்கட்டையில காண்டாமிருக வண்டு முட்ட வச்சு பக்கத்து வீட்டு தென்னைக்குப் போயிடும். வேம்பு அப்படி இல்ல, மேல வெட்டினாலும் சும்மா விடாம துளிர்த்துக்கிட்டே இருக்கும், அதுக்கு தான் கிரைண்டர், அதையும் மெஷின் வச்சிருக்க ஆள கூப்பிட்டு முடிச்சிடுங்க. அதுக்கப்புறமும் வாடகை தொழில் பண்ணணும்னு நெனச்சா அந்த ஆளு வேலை செய்யும்போது கூடவே நின்னு பாருங்க, எவ்ளோ பெட்ரோல் குடிக்குது, எத்தன பல்லு போகுதுன்னு அங்கயே தெரிஞ்சிடும். மண்ணெண்ணெய், ஆசிட் ஊத்தி எரிக்கற யோசனை மட்டும் வேணவே வேணாம், உங்க போர் தண்ணில தான் வந்து சேரும்.

யாரு ஓட்டினாலும் சரி, ஓட்டறதுக்கு முன்னாடி தூர சுத்தி ஒரு அடி ஆழத்துக்கு மம்முட்டியால தோண்டி கல்ல பொறுக்கிடுங்க, அப்பவே மெட்ரோ வாட்டர் லைன், ட்ரைனேஜ் பைப், பில்லர் பாக்ஸ்ல இருந்து வர்ற ஈபி கேபிள் எங்க போகுதுன்னும் பாத்துடுங்க. கைலியோட கிட்ட நிக்கவே கூடாது, ஷூ, முகத்துக்கு ஷீல்டு, காதுக்கு மஃப் கண்டிப்பா வேணும், புள்ளைங்கள வீட்டுக்குள்ள அனுப்பிடுங்க, கல்லு தெறிச்சா ரொம்ப தூரம் போகும். பல்லு மாத்தும்போது இஞ்சின ஆஃப் பண்ணா மட்டும் போதாது, ஸ்பார்க் பிளக் கேப்ப கழட்டிடணும்.

முடிஞ்சதும் பள்ளத்துல இருக்கற மரத்தூள அள்ளிட்டு நல்ல மண்ணு போடுங்க. தூளோட மூடிட்டீங்கன்னா அது மக்கும்போது மண்ணுல இருக்கற நைட்ரஜன இழுத்துக்கும், அங்க வைக்கற செடி மஞ்சளடிச்சு நிக்கும், கொஞ்ச மாசத்துல தரையும் இறங்கிடும், மேல டைல்ஸ் போடற ஐடியா இருந்தா இது ரொம்ப முக்கியம்.