கடவுள் இல்லை என்று சொல்லும் இயக்கம்கூட மதம் போல ஆகுமா?

ஆகும். சோவியத் ரஷ்யாவைப் பாருங்கள். அங்கே கிராமத்து வீடுகளில் ஒரு மூலையில் புனிதர் படங்களை வைத்து விளக்கேற்றுவார்கள்; நம் வீட்டுச் சாமி மாடம் மாதிரி. அதற்கு 'சிவப்பு மூலை' என்று பெயர். புரட்சிக்குப் பின் அதே பெயரில் தொழிற்சாலைகளிலும் படிப்பகங்களிலும் லெனின் படம் ஏறியது. ஞானஸ்நானத்துக்குப் பதில், புரட்சி நடந்த மாதத்தின் பெயரில் 'அக்டோபர் சடங்கு' வந்தது. குழந்தைகளுக்கு விளாத்லென், நினெல் என்று பெயர் வைத்தார்கள். விளாத்லென் என்பது விளாதிமிர் லெனினின் சுருக்கம்; நினெல் என்பது லெனினைத் திருப்பி எழுதியது!

1924இல் லெனின் இறந்ததும், மனைவி குரூப்ஸ்காயா வேண்டாமென்று சொல்லியும் உடலைப் பதப்படுத்திக் காட்சிக்கு வைத்தார்கள். 1953இல் ஸ்டாலின் உடலும் பக்கத்தில் வந்தது. அப்புறம் நடந்ததுதான் வேடிக்கை. 1961 கம்யூனிஸ்ட் கட்சி மாநாட்டில் தோரா லசூர்கினா என்ற மூத்த உறுப்பினர் எழுந்து, நேற்று லெனினிடம் ஆலோசனை கேட்டேன், ஸ்டாலின் பக்கத்தில் கிடப்பது பிடிக்கவில்லை என்றார், என்று பேசினார். நம்மூரில் இதைச் சாமி வந்து சொன்ன வாக்கு என்போம். ஸ்டாலின் உடலை அப்புறப்படுத்த மாநாடு முடிவெடுத்தது; மறுநாள் இரவே புதைத்தார்கள்.

சரி, வித்தியாசமே இல்லையா? ஒன்று இருக்கிறது. மதம் பொதுவாகச் சொர்க்கத்துக்குத் தேதி குறிப்பதில்லை. அதே மாநாடு, 1980க்குள் பொதுவுடைமைச் சமுதாயத்துக்கான பொருளாதார அடித்தளம் தயாராகிவிடும் என்று திட்டம் போட்டது. 1980 வந்தது. கடைகளில் இறைச்சிக்கு வரிசை நின்றது.