அமெரிக்கக் கால்பந்தின் தற்காப்பு வீரரான லாரன்ஸ் டெய்லரை ஏன் இன்னும் கொண்டாடுகிறார்கள்?

அவர் ஒருவருக்காகவே எதிரணிகள் வியூகத்தை மாற்றின, அதுதான் காரணம். 1981இல் நியூயார்க் ஜயன்ட்ஸ் அணியில் லைன்பேக்கராக (தற்காப்பின் முன்வரிசைக்குப் பின்னால் நிற்பவர்) சேர்ந்த டெய்லர், பந்தை எறியவிருக்கும் குவார்ட்டர்பேக்கை ஓரத்திலிருந்து பாய்ந்து வீழ்த்துவார். அவரைத் தடுக்கவே வாஷிங்டன் பயிற்சியாளர் ஜோ கிப்ஸ் கூடுதலாக ஒரு டைட் எண்டை (எதிரணியைத் தடுக்கவும் பந்தைப் பிடிக்கவும் செய்யும் தாக்குதல் வீரர்) நிறுத்தினார். 1986இல் 20.5 முறை வீழ்த்தி, தற்காப்பு வீரர்களுக்கு அபூர்வமாகவே வாய்க்கும் லீகின் சிறந்த வீரர் விருதை வென்றார். (அரை எப்படி? இருவர் சேர்ந்து வீழ்த்தினால் ஆளுக்குப் பாதி.) மொத்தக் கணக்கு 132.5. இதில் முதல் ஆண்டு சேராது. லீக் 1982இல்தான் அதிகாரபூர்வமாக எண்ணத் தொடங்கியது. அநியாயம்தான்! போதைப்பழக்கத்தால் 1988இல் நான்கு ஆட்டங்களுக்குத் தடையும் வாங்கினார். லீகின் இறுதிப்போட்டியான சூப்பர் பவுலில் இரண்டு வெற்றிகளுடன், 1993 பருவம் முடிந்ததும் ஓய்வு பெற்றார்.