தடைக்காலத்துக்கு முன்னால் வேலையை விடாதீர்கள்

கேள்வி: எனக்கு வயது 29. காசிமேட்டில் இருக்கிறோம். அப்பா விசைப்படகில் தொழிலுக்குப் போகிறார். எம்.ஏ. வரலாறு முடித்து, தனியார் நிறுவனத்தில் 34,000 ரூபாய் சம்பளத்தில் இருக்கிறேன். வீட்டுக்கு 20,000 கொடுக்கிறேன். அம்மாவின் நகை 1,80,000 ரூபாய்க்கு அடகில் இருக்கிறது. கையிருப்பு 60,000. கட்டுமரம், வலை போன்ற மீனவர் பொருள்களை அருங்காட்சியகங்கள் எப்படிப் பாதுகாக்கின்றன என்று பிஎச்.டி. செய்ய ஆசை. ஒரு தனியார் பல்கலைக்கழகத்தில் இடம் தருகிறார்கள். ஆண்டுக்கு 80,000 கட்டணம், உதவித்தொகை கிடையாது. வேலையை விட்டுச் சேரலாமா?

பதில்: அந்த இடம் வேண்டாம். பிஎச்.டி. ஆசையை மட்டும் விடாதீர்கள். கட்டுமரம் கட்டத் தெரிந்த கைகள் இன்னும் நம்மிடையே இருக்கும்போதே அதைப் பற்றி எழுத ஒரு காசிமேட்டுப் பெண் கிளம்பியிருப்பது எனக்கு அவ்வளவு சந்தோஷம். அது பாதியில் நிற்கக் கூடாது என்பதால்தான் கணக்கைக் கறாராகப் பார்க்கிறேன்.

4 ஆண்டுக் கட்டணம் 3,20,000. அதே 48 மாதம் வராமல் போகும் சம்பளம் 16,32,000. ஏறக்குறைய இருபது லட்சம். அடகில் நகை இருக்கும் வீடு இதைத் தாங்காது.

நீங்கள் குறிவைக்க வேண்டியது ஜேஆர்எஃப், அதாவது யுஜிசி நெட் என்ற தேசியத் தகுதித் தேர்வின் மூலம் ஆய்வு மாணவர்களுக்குக் கிடைக்கும் உதவித்தொகை. முதல் 2 ஆண்டு மாதம் 37,000 ரூபாய், அப்புறம் 42,000. மொத்தம் 5 ஆண்டு வரை. விடுதி கிடைக்காவிட்டால் வீட்டு வாடகைப்படி தனி. உங்கள் சம்பளத்தைவிட இது அதிகம். வயது வரம்பு 30 என்று பயப்பட வேண்டாம், பெண்களுக்கு 5 ஆண்டு தளர்வு உண்டு. உங்கள் பட்டத்துக்கு வரலாற்றுப் பாடத்திலேயே எழுதலாம்.

சிக்கல் தொகையில் இல்லை, அது வரும் நாளில் இருக்கிறது. மாதாமாதம் பல்கலைக்கழகம் இணையத்தில் உறுதி செய்தால்தான் பணம் விடுவிக்கப்படும். என்னிடம் ஆலோசனைக்கு வந்த ஓர் ஆய்வு மாணவிக்குச் சேர்ந்து ஏழு மாதம் வரை ஒரு பைசா வரவில்லை. பிறகு மொத்தமாக வந்தது. அதற்குள் கழுத்துச் சங்கிலி அடகுக்குப் போய்விட்டது. உங்கள் வீட்டில் இன்னொன்றும் சேரும்: ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்பாவின் வருமானமும் நின்று, உங்கள் உதவித்தொகையும் வராத மாதங்களை நினைத்துப் பாருங்கள்.

அதனால் இப்படிச் செய்யுங்கள். வேலையில் இருந்தபடியே தேர்வு எழுதுங்கள். ஜேஆர்எஃப் கிடைத்தால் அதற்குத் தரும் கடிதம் 3 ஆண்டு செல்லும். மறுநாளே சேர வேண்டிய கட்டாயம் இல்லை. அந்த இடைவெளிதான் உங்களுக்குக் கிடைக்கும் பெரிய சலுகை. கையில் நிற்கும் 14,000-இல் 10,000 ரூபாயை மாதாமாதம் நகைக்கடன் அசலில் கட்டுங்கள். வட்டி மட்டும் கட்டி மறு அடகு வைப்பதை நிறுத்துங்கள். ஒன்றரை, இரண்டு ஆண்டில் நகை வீட்டுக்கு வந்துவிடும். அப்புறம் அதே பத்தாயிரத்தைத் தொடர்வைப்பில் போட்டு, வீட்டுக்குக் கொடுக்கும் பணத்தில் 8 மாதத்துக்கு உரியதை, அதாவது 1,60,000 ரூபாயை, கையிருப்போடு சேர்த்து ஏற்பாடு செய்துகொண்டு ஜூலையில் சேருங்கள், மார்ச்சில் வேண்டாம். வேலையை விட்டாலும் பி.எஃப். பணத்தைத் தொடாதீர்கள், அதில் வட்டி சேர்ந்துகொண்டே இருக்கும். அலுவலக மருத்துவக் காப்பீட்டில் அப்பா, அம்மா இருந்தால், விலகும் முன்பே அதைத் தனிநபர் பாலிசியாக மாற்றித் தரக் கேளுங்கள். புதிதாக எடுத்தால் ஏற்கெனவே உள்ள நோய்களுக்கு 3 ஆண்டு வரை காத்திருக்க வேண்டியிருக்கும்.

வெளிநாடு பற்றி நீங்கள் கேட்கவில்லை, ஆனால் யாராவது சொல்வார்கள். பிரிட்டனில் லெஸ்டர் பல்கலைக்கழகம் 1966 முதல் அருங்காட்சியகவியல் கற்பிக்கிறது. முழு உதவித்தொகை கிடைத்தால் தாராளமாகப் போங்கள். மாணவர் விசாவுக்கான சுகாதாரக் கட்டணம் ஆண்டுக்கு 776 பவுண்டு. அதை மொத்தமாக முன்கூட்டியே கட்ட வேண்டும். 4 ஆண்டுக்கு மூன்று லட்சம் ரூபாயைத் தாண்டும். உதவித்தொகை தருபவர்கள் அதைத் திருப்பித் தருவார்களா என்று எழுத்தில் வாங்குங்கள். மத்திய அரசின் தேசிய வெளிநாட்டு உதவித்தொகையை உங்களோடு படித்த பட்டியலினத் தோழிகள் நம்பியிருந்தால் ஒன்று சொல்லுங்கள்: 2022-இல் வந்த விதிப்படி இந்தியப் பண்பாடு, மரபு, வரலாறு பற்றிய ஆய்வுகளுக்கு அது கிடையாது. மரபைப் படிக்கப் போகிறவர்களுக்கு இந்த விதி பெரிய அநியாயம் என்றே நினைக்கிறேன்.

அடுத்த நெட் அறிவிப்புக்குக் காத்திராமல் பழைய வினாத்தாள்களை இன்றே எடுங்கள். ஜூனிலும் டிசம்பரிலுமாக ஆண்டுக்கு இரண்டு வாய்ப்பு இருக்கிறது. அந்தத் தனியார் பல்கலைக்கழகத்துக்கு முன்பணம் ஏதும் கட்டியிருந்தால், திரும்பக் கேட்டு இந்த வாரமே கடிதம் கொடுங்கள்.