பழைய மணலை மட்டும் புது டேங்க்ல போட்டுடாதீங்க

கேள்வி: அண்ணா, மூணு வருஷமா 120 லிட்டர்ல ரீஃப் டேங்க் (பவளம் வளர்க்கிற கடல்தண்ணி தொட்டி) ஓடுது. ரெண்டு க்ளவுன் ஃபிஷ், கொஞ்சம் ஜோவாந்திட் (பூ மாதிரி கூட்டமா வளர்ற பவள வகை), ஒரு டார்ச் கோரல்னு இன்னொரு பவளம் இருக்கு. இப்போ 4x2x2 அடி டேங்க் வாங்கிட்டேன். பழைய தண்ணி, மணல், பாறை எல்லாத்தையும் ஒரே நாள்ல மாத்திடலாமா, இல்ல புது டேங்க்கை மறுபடி ஒரு மாசம் சைக்கிள் பண்ணணுமா (கழிவை முறிக்கிற பாக்டீரியா வளர்ற வரைக்கும் ஓட விடணுமா)?

பதில்: ஒரே நாள்ல மாத்தலாம் தம்பி, ஒரு மாசம் காத்திருக்க வேண்டாம். நம்ம டேங்க்கை காப்பாத்துற பாக்டீரியா தண்ணில ரொம்ப கம்மி, பாறை மேலயும் உள்ள இருக்கிற ஓட்டையிலயும்தான் குடியிருக்கு, அதனால லைவ் ராக்கை, அதாவது பாக்டீரியா குடியிருக்கிற அந்தப் பாறையை, ஈரம் காயாம மாத்துனா சைக்கிளும் கூடவே வந்துரும். பாறையை காத்துல ரொம்ப நேரம் வச்சா அதுல இருக்கிற ஸ்பாஞ்ச் எல்லாம் செத்து அழுகும், எப்பவும் உப்புத்தண்ணி பக்கெட்டுக்குள்ளயே வைங்க.

பிரச்சனை மணல்தான். மூணு வருஷ மணலை கிளறினா அடியில தேங்குன கழிவு எல்லாம் மேல வரும், அம்மோனியா ஏறும், கருப்பா அழுகின முட்டை வாசம் வந்தா அது ஹைட்ரஜன் சல்ஃபைடு. கடல்தண்ணியோட பிஹெச் 8.2 பக்கம் இருக்கிறதால நன்னீர் டேங்க்கை விட அதே அளவு அம்மோனியா இங்க அதிகமா கடிக்கும். நானும் ஒரு தடவை காசு மிச்சம்னு பழைய மணலை அப்படியே அள்ளிப் போட்டேன், காலைல பாத்தா மீன் எல்லாம் மேல வந்து வாய திறந்து மூடிட்டு இருக்கு. புது மணல் போடுங்க, மனசு கேக்கலைன்னா பழசுல மேல் பக்கம் ரெண்டு கை அள்ளி, உப்புத்தண்ணில அலசி தூவிக்கோங்க, அது போதும்.

தண்ணி கணக்கு பாருங்க. 120x60x60 சென்டிமீட்டர்னா 432 லிட்டர், பாறை மணல் போக 350 பக்கம் வரும். பழைய தண்ணில மேலாக்குல தெளிவா இருக்கிற 70, 80 லிட்டர் எடுத்தீங்கன்னா மீதி 270 லிட்டர் புதுசா கலக்கணும், லிட்டருக்கு 35லேர்ந்து 40 கிராம் உப்பு, அதாவது 10 கிலோ பக்கம். ஆர்ஓ தண்ணில முதல் நாளே கலந்து பம்ப், ஹீட்டர் போட்டு ஒரு நாள் ஓட விடுங்க, உப்பு அடர்த்தி (ஸ்பெசிஃபிக் கிராவிட்டி) 1.025, சூடு 25-26 டிகிரி, ரெண்டும் பழைய டேங்க்கோட ஒத்துப் போகணும். கேஹெச்சும் (தண்ணியோட காரத்தன்மை அளவு) பாத்துக்கோங்க, டார்ச் அதுல திடீர் ஏத்தம் இறக்கம் தாங்காது.

மாத்துற அன்னிக்கு ஹீட்டரை அரை மணி நேரம் முன்னாடியே ஆஃப் பண்ணிடுங்க, சூடா வெளிய எடுத்தா அதோட கண்ணாடி வெடிக்கும். முதல்ல கோரல், அப்புறம் பாறை, கடைசியா மீன். பாறை எடுத்து தண்ணி ஒரு ஜாண் ஆனதும் மீன் வலையில சுலபமா வந்துடும், பாறை இருக்கும்போது துரத்தாதீங்க, ரெண்டு பேருக்கும் களைப்புதான் மிச்சம். புது டேங்க்ல பாறையை அடிக் கண்ணாடி மேல நேரா நிறுத்திட்டு அப்புறம் மணல் போடுங்க, மணல் மேல நின்னா ஏதாவது தோண்டி சரிஞ்சிரும்.

ஜோவாந்திட்டை தொடும்போது கையுறை, கண்ணுக்கு பாதுகாப்புக் கண்ணாடி கட்டாயம். அதுல பாலிடாக்சின்னு கொடிய விஷம் இருக்கலாம், கையில வெட்டுக்காயம் இருந்தா தொடவே வேண்டாம், அது ஒட்டின பாறைய வெந்நீர்ல கழுவுறது, வேக வைக்கிறது எல்லாம் விபரீதம், அந்த ஆவியே ஆளை ஆஸ்பத்திரிக்கு அனுப்பிடும்.

புது லைட் பெருசுனா பாதி வெளிச்சத்துல ஆரம்பிச்சு ரெண்டு மூணு வாரத்துல ஏத்துங்க. ஒரு வாரம் தினமும் அம்மோனியா டெஸ்ட், சாப்பாடு கம்மியா. ஒரு 60 லிட்டர் உப்புத்தண்ணி கலந்து கையோட வச்சிருங்க, டெஸ்ட்ல நிறம் மாறி அம்மோனியா காட்டுச்சுன்னா உடனே தண்ணி மாத்தணும், அப்போ உட்கார்ந்து கலக்க நேரம் இருக்காது.