மாதவிடாய் நேரத்து ஆவேசம்: மனநல மருத்துவரிடம் கேட்டவை

என் மகளுக்கு 24 வயது. ஆட்டிசம், பேச்சு வரவில்லை. பீரியட்ஸ் நெருங்கினால் தன் கையைக் கடிக்கிறாள், என்னையும் அடிக்கிறாள். அமைதிப்படுத்த மாத்திரை உண்டா டாக்டர்?

உண்டு, ஆனால் அதற்கு முன் ஒரு காலண்டர் வாங்குங்கள் அம்மா. ரத்தப்போக்கு நாட்களைச் சிவப்புப் பேனாவில் வட்டமிடுங்கள். அடித்த, கடித்த நாட்களை நீலத்தில். இரண்டு மூன்று மாதம் போதும். நீலம் மாதம் முழுக்கச் சிதறிக் கிடந்தால் காரணம் வேறு: மலச்சிக்கல், பல்வலி, காதுவலி, தைராய்டு. போக்கு தொடங்கும் நாட்களில் குவிந்தால் பெரும்பாலும் வலிதான். வயிற்றைப் பிடித்துக் குனிகிறாளா, தட்டைத் தள்ளிவிடுகிறாளா என்று கவனியுங்கள். வாய் திறந்து சொல்ல முடியாதவள் வேறு எப்படித்தான் சொல்வாள்? வலியென்றால் இபுபுரூஃபன் அல்லது மெஃபனமிக் ஆசிட், சாப்பாட்டுக்குப் பின், அறிகுறி தெரிந்த உடனே. அழுது அரற்றும்வரை காத்திருந்தால் அவ்வளவாகக் கேட்காது. வயிற்றுப்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா இருந்தால் மருத்துவரைக் கேட்காமல் தராதீர்கள்.

வலி மாத்திரை கொடுத்தும் பீரியட்ஸுக்கு முந்தின வாரம் முழுக்க இதே நிலைதான்.

போக்கு வந்ததும் அடங்கிவிடுகிறதா? அப்படியென்றால் மனச்சோர்வுக்குத் தரும் ஃப்ளுவாக்ஸெடின் அல்லது செர்ட்ரலின் உதவலாம். தினமும் தரலாம், மாதவிடாய்க்கு முந்தைய இரண்டு வாரம் மட்டும் தருவதும் உண்டு. குறைந்த அளவில் தொடங்க வேண்டும். சிலருக்கு முதலில் தூக்கம் கெட்டுப் படபடப்பு கூடும்.

அவள் தங்கைக்கு வலிப்பு. அதற்குக் கார்பமசெபின் சாப்பிடுகிறாள். மாதவிடாயை நிறுத்த ஹார்மோன் மாத்திரை தரலாமா?

கார்பமசெபினும், இன்னொரு வலிப்பு மருந்தான ஃபெனிடாயினும் ஹார்மோன் மாத்திரையின் பலனைக் குறைத்துவிடும். லாமோட்ரிஜின் என்ற வலிப்பு மருந்தென்றால் கதை தலைகீழ்: ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன் உள்ள மாத்திரை, ரத்தத்தில் அந்த மருந்தின் அளவை இறக்கி, வலிப்பைக் கூட்டலாம். மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் ஹார்மோன் ஊசி போடலாம், ஆனால் எடை கூடும், எலும்பு அடர்த்தி குறையும். சக்கர நாற்காலியில் இருப்பவருக்கு யோசித்துத்தான் போட வேண்டும். கர்ப்பப்பைக்குள் வைக்கும் ஹார்மோன் சாதனத்தையும் கேளுங்கள். அதைப் பொருத்த மயக்கம் தேவைப்படலாம்.

ஆவேசத்துக்கு ரிஸ்பெரிடோன் மாத்திரை தொடங்கியபின் பீரியட்ஸே வரவில்லை.

அந்த மருந்து, பால் சுரக்க வைக்கும் புரோலாக்டின் ஹார்மோனைக் கூட்டி பீரியட்ஸை நிறுத்தலாம். அதற்கான ரத்தப் பரிசோதனை செய்யுங்கள். மருந்தை நீங்களாக நிறுத்த வேண்டாம்.

கர்ப்பப்பையை எடுத்துவிடு என்கிறார்கள் சொந்தக்காரர்கள்.

கோபத்துக்காக எடுப்பதை நான் ஏற்கவே மாட்டேன். சினைப்பைகள் இருக்கும்வரை ஹார்மோன் ஏற்ற இறக்கமும் இருக்கும். ரத்தம் நிற்கும், ஆவேசம் நிற்காது. 1994இல் புனேயில் அரசுக் காப்பகப் பெண்களுக்கு இப்படிச் செய்தது நாடெங்கும் எதிர்ப்பைக் கிளப்பியது. 2016ஆம் ஆண்டு மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டத்தின் 10ஆம் பிரிவு, சம்பந்தப்பட்டவரின் சம்மதமின்றி மலட்டுத்தன்மை உண்டாக்கும் சிகிச்சை கூடாது என்கிறது. படம் காட்டியாவது அவளிடம் கேளுங்கள்.