கேட்டுக்கு வெளியே அப்பா: கடிதமும் பதிலும்

வணக்கம் அக்கா,

கோலாலம்பூர் செந்தூலிலிருந்து எழுதுகிறேன். அப்பா இறந்து எட்டு மாதம் ஆகிறது. முப்பது வருடம் லோரி ஓட்டியவர், பெரும்பாலும் ராத்திரி ஓட்டம். இரண்டு மாதமாகக் கனவில் வருகிறார். கையில் தூக்குச்சட்டியோடு கேட்டுக்கு வெளியே நிற்கிறார். எதுவும் பேசுவதில்லை. நான் ஜன்னலிலிருந்து பார்க்கிறேன், அதோடு விழிப்பு வந்துவிடுகிறது. மணி பார்த்தால் ஐந்து, ஐந்தரை.

விடியற்காலைக் கனவு பலிக்கும் என்கிறார்களே, உண்மையா? பேசாமல் நின்றால் அவருக்கு ஏதோ குறை இருக்கிறது என்று ஒரு ஜோதிடர் சொன்னார். பரிகாரத்துக்கு 1,800 வெள்ளி (ரிங்கிட்) கேட்கிறார். என் மச்சான் மூன்று வாரமாக லாட்டரியில் அப்பாவின் லோரி நம்பரை வாங்கிக்கொண்டிருக்கிறார். என் கணவரோ கனவு என்பது மூளை கொட்டும் குப்பை, இதற்குப் போய் அழுவாயா என்கிறார். செனோய் பழங்குடிகளின் முறைப்படி கனவை நம் கட்டுப்பாட்டில் கொண்டுவரலாம் என்று ஒரு வகுப்பு நடத்துகிறார்களாம், சேரலாமா? இந்தக் கனவுக்கு உண்மையில் என்னதான் அர்த்தம்? லோரி நம்பரையும் எழுதியிருக்கிறேன். எண் கணிதப்படி ஏதாவது தெரிந்தால் சொல்லுங்கள்.

அன்புள்ள தங்கச்சி,

என்னைவிட ரொம்பவே இளையவள், அதனால் நீ என்றே எழுதுகிறேன். உன் கடிதம் வந்தபோது என் பாட்டியின் துண்டு ஒன்றைப் பற்றி நினைத்துக்கொண்டிருந்தேன். ஆவணி பிறந்தால் எனக்கு அந்த நினைப்பு வந்துவிடும். அது என்ன துண்டு என்று பிறகு சொல்கிறேன். அதற்கு முன் உன்னைக் கொஞ்சம் திட்ட வேண்டியிருக்கிறது.

லோரி நம்பரை இரண்டு இடத்தில் எழுதியிருக்கிறாய். இரண்டையும் எடுத்துவிட்டுத்தான் கடிதத்தை இங்கே போட்டிருக்கிறேன். விட்டிருந்தால் சாயங்காலத்துக்குள் பத்துப் பேராவது வாங்கியிருப்பார்கள். நம் ஊரில் கனவு என்றாலே கை பேனாவைத் தேடுகிறது. பாம்பு வந்தால் ஒரு நம்பர், பிணம் வந்தால் ஒரு நம்பர். ரோட்டில் கார் நசுங்கிக் கிடந்தால் சுற்றி நிற்கிற கூட்டத்தில் பாதிப் பேருக்குக் கண் நம்பர் பிளேட்டில் இருக்கிறது. முப்பது வருடம் ராத்திரி கண் விழித்து ஓட்டிச் சம்பாதித்துக் கொடுத்தாரே, அது போதாதா? செத்த பிறகும் கனவில் வந்து சம்பாதித்துக் கொடுக்க வேண்டுமா? உன் மச்சானை இனி வீட்டுக்குள் அந்தப் பேச்சை எடுக்கவிடாதே.

உன் கணவர் சொன்னது அவருடைய சொந்தச் சரக்கு இல்லை. 1983ல் ஃபிரான்சிஸ் கிரிக், கிரேம் மிச்சிசன் என்ற இரண்டு விஞ்ஞானிகள், மறப்பதற்காகத்தான் கனவு காண்கிறோம் என்று எழுதினார்கள். கனவு வரும் உறக்கம் நினைவுகளைப் பத்திரப்படுத்த உதவுகிறது என்று சொல்கிற ஆய்வாளர்களும் நிறைய இருக்கிறார்கள். தீராத வழக்கு அது. அழுகிறவளிடம் வழக்கின் ஒரு பக்கத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிட்டுப் போகக்கூடாது என்று நான் சொன்னதாகச் சொல்.

விடியற்காலைக் கனவுக்குப் பழைய கனா நூல் கணக்கே போட்டு வைத்திருக்கிறது. முதல் சாமத்துக் கனவு ஓராண்டில் பலிக்கும், இரண்டாம் சாமம் எட்டு மாதத்தில், மூன்றாவது மூன்று மாதத்தில், கடைசிச் சாமம் பத்து நாளில். உனக்கு இரண்டு மாதமாக வருகிறது. எத்தனை பத்து நாள் போய்விட்டது, நீயே எண்ணிக்கொள். விடியலில் கண்டது நினைவில் நிற்பதற்கு வேறு காரணம் இருக்கிறது. 1953ல் சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மனும், தூங்குகிறவரின் மூடிய இமைக்குள் கண்மணி வேகமாக ஓடும் நேரங்கள் உண்டு, அப்போது எழுப்பினால் பெரும்பாலும் கனவைச் சொல்கிறார்கள் என்று கண்டார்கள். ஏறக்குறைய 90 நிமிடத்துக்கு ஒருமுறை அந்த உறக்கம் வரும். முன்னிரவில் சில நிமிடத்தோடு போய்விடும், விடிய விடிய நீளும். அதை ஒட்டியே நாம் எழுந்துவிடுவதால் அந்தக் கனவு கையில் மிஞ்சுகிறது. சரி, ராத்திரி ஓட்டம் போன மனிதர் வீடு திரும்புவதும் அந்த ஐந்து, ஐந்தரைக்குத்தானே? இதை நீ யோசிக்கவே இல்லை.

அந்த வகுப்புக்குப் போகாதே. அந்தக் கதை எங்கே ஆரம்பித்தது என்று எனக்குத் தெரியும். 1930களில் கில்டன் ஸ்டூவர்ட் என்ற அமெரிக்கர் நம் காட்டுக்கு வந்து, செனோய் என்கிறோமே, அவர்களில் ஒரு பிரிவான தெமியார் மக்களைப் பார்த்துவிட்டுப் போனார். 1951ல் ஒரு கட்டுரை எழுதினார். காலையில் குடும்பமே உட்கார்ந்து கனவை அலசுகிறது, கனவில் புலி வந்தால் எதிர்த்து நில் என்று பிள்ளைகளைப் பழக்குகிறது என்றார். பிறகு அமெரிக்காவில் அதை வைத்துப் பயிற்சிகள் நடந்தன. செனோய் மக்களோடு தங்கி வாழ்ந்த மானிடவியலாளர்கள் அப்படி ஒரு பழக்கத்தைக் காணவில்லை. அவர்கள் கண்டது இன்னும் அழகானது. தெமியார் ஒருவரின் கனவில் மரத்தின் ஆவியோ மலையின் ஆவியோ வந்து ஒரு பாட்டைக் கொடுக்கும். நோய் தீர்க்கும் இரவில் அவர் அதை ஒவ்வொரு வரியாகப் பாட, பெண்கள் மூங்கில் குழல்களைக் கட்டையில் இடித்துக்கொண்டே திருப்பிப் பாடுவார்கள். கனவு கொடுத்ததை ஊரோடு பங்கு போட்டுக்கொள்கிற மக்கள் அவர்கள். அவர்கள் பெயரைச் சொல்லி உன்னிடம் கட்டணம் வாங்க வருகிறார்கள்.

பரிகாரத்துக்குப் பதில் சிலப்பதிகாரத்திலேயே இருக்கிறது. கோவலன் மாதவியோடு இருந்த காலத்தில் கண்ணகி ஒரு கனவு காண்கிறாள். அவன் அவள் கையைப் பிடித்து ஒரு பெரிய ஊருக்கு அழைத்துப்போகிறான். ஊரார் தேளைத் தூக்கிப் போட்டதுபோல் அவள்மேல் பொருந்தாத ஒரு சொல்லைப் போடுகிறார்கள். கோவலனுக்குத் தீங்கு என்று கேட்டு அவள் அரசன் முன்னால் நின்று பேசுகிறாள். நெஞ்சு நடுங்கித் தோழி தேவந்தியிடம் சொன்னால், அவள் சோமகுண்டம், சூரியகுண்டத்தில் முழுகிக் காமவேளைக் கும்பிடு, கணவனோடு சுகமாக இருப்பாய் என்கிறாள். தேவந்தி நல்லவள், காசு கேட்கவில்லை. அப்போதும் கண்ணகி சொன்னது ஒரே பதில். பீடன்று. அது பெருமை இல்லை என்று முடித்துவிட்டாள். அப்படியே பலித்த கனவைக் கண்டவளே குளத்தில் முழுகப் போகவில்லை, நீ வாசலில் வந்து நின்ற அப்பாவுக்கு 1,800 வெள்ளி கட்டப்போகிறாயா?

இனி பாட்டியின் துண்டு.

நிபோங் திபால் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். தாத்தா அங்கே பால் எடுக்க மரம் சீவினார். 1943ல் ஜப்பான்காரன் ஆள் பிடித்தபோது, மூன்று மாத வேலை என்று சொல்லி அவரையும் சயாமுக்குக் கொண்டுபோனார்கள். ஸ்டேஷனில் கூட்ஸ் வண்டியில் ஏற்றும்போது பாட்டி கையில் என் அம்மா, ஐந்து வயது. வயிற்றில் என் மாமா. சயாமின் பான்போங்கிலிருந்து பர்மாவின் தன்பியூசயாட் வரை 415 கிலோமீட்டர் ரயில் பாதை, அதைப் போடத்தான் ஆள் பிடித்தார்கள். அந்த வருடம் அக்டோபரில் பாதை முடிந்துவிட்டது. தாத்தா வரவில்லை. ஒரு கடிதம் இல்லை, யார் வாயிலும் ஒரு சேதி இல்லை. அந்தப் பாதையோரத்துக் காஞ்சனபுரியில் வெள்ளைக்காரக் கைதிகளுக்குப் பெயர் பொறித்த கல்லறைகள் வரிசையாக இருக்கின்றன. நம் ஆட்களில் பெரும்பாலோர் எங்கே புதைந்தார்கள் என்றுகூட எழுதி வைக்க ஆளில்லை.

அந்த ஆவணியில், இரண்டாம் செவ்வாய் விடியலில், பாட்டி ஒரு கனவு கண்டாள். தோட்டத்து வரிசை வீடான லயத்து வாசப்படியில் தாத்தா நிற்கிறார். தலையிலிருந்து தண்ணீர் சொட்டுகிறது. உள்ளே வராமல் அடுப்பையே பார்க்கிறார். "ஏன் நனைஞ்சுகிட்டு நிக்கிறீங்க, தலையைத் துவட்டுங்க" என்று கொடியில் கிடந்த துண்டை எடுக்கத் திரும்பினாள். விழித்துக்கொண்டாள். அவ்வளவுதான் கனவு.

இருட்டோடு பைப்படிக்குப் போனாள். வேலைக்கு ஆள் எண்ணும் பெரட்டுக்குப் போவதற்கு முன் பெண்கள் அங்கேதான் கூடுவார்கள், கனவு சொல்வதும் அங்கேதான். கெட்ட கனவை ஓடுகிற தண்ணீரிடம் சொல்லிவிட்டால் போய்விடும் என்பார்கள். பாட்டி தண்ணீரிடம் சொல்லவில்லை. குடத்தை நிரப்பிக்கொண்டு வீட்டுக்கு வந்து பொட்டை அழித்தாள்.

தோட்டமே ஏசியது. உயிரோடு இருக்கிறவனுக்குப் பொட்டழிக்கிறாளே என்றார்கள். சண்டை முடிந்து பல மாதம் கழித்து அதே லயத்து ஆள் ஒருவர் எலும்பும் தோலுமாகத் திரும்பி வந்தார். வாந்திபேதியில் போய்விட்டான் என்றார். எந்த மாதம் என்று அவருக்குத் தெரியவில்லை. "மழை விடாம கொட்டிக்கிட்டிருந்துச்சு" என்று மட்டும் சொன்னார்.

இதைப் படித்ததும் பாட்டியின் கனவு பலித்தது என்று எழுதிவிடாதே. சயாம் காட்டில் அந்த வருடம் மாதக்கணக்கில் மழை, நாள் தவறாமல் சாவு. எந்த ராத்திரி கனவு வந்திருந்தாலும் பொருந்தியிருக்கும். பாட்டியும் ஒருநாளும் அதைப் பெருமையாகச் சொன்னதில்லை. அவளுக்கு இருந்த குறை ஒன்றே ஒன்று. வந்தவருக்குத் துண்டு கொடுக்கவில்லை.

இறந்த தேதி தெரியாதவர்களுக்கு ஆடி அமாவாசையில் திதி கொடுக்கலாம் என்று கோயில் பண்டாரம் சொல்லிப் பார்த்தார். "அன்னைக்குத்தான் வந்தாரு, அன்னைக்குத்தான் இலை போடுவேன்" என்றுவிட்டாள். சாகும்வரை வருடா வருடம் ஆவணி இரண்டாம் செவ்வாய். சாமி படத்துக்கு முன்னால் போடமாட்டாள், அவர் நின்ற வாசப்படியில்தான் இலை. சோறு, கருவாட்டுக் குழம்பு, அவித்த மரவள்ளிக்கிழங்கு. இலைக்கு வலப்பக்கம் நாலாக மடித்த புதுத் துண்டு, நீலக்கரை போட்ட வெள்ளை. தன் கை ஈரம் பட்டுவிடாமல் சேலையில் துடைத்துத் துடைத்து, இரண்டு விரலால் பிடித்து வைப்பாள். எனக்கு ஒன்பது வயது இருக்கும்போது தண்ணீர்ச் செம்பைக் கொண்டுவந்து துண்டை ஒட்டி வைத்தேன். பட்டென்று கையில் அடித்தாள். "நனைஞ்சிரும்டி." பாட்டி என்னை அடித்தது அந்த ஒரு தடவைதான்.

திருக்குறளில் 122ஆவது அதிகாரம் கனவுநிலை உரைத்தல். முதல் குறளிலேயே ஒருத்தி கேட்கிறாள்:

காதலர் தூதொடு வந்த கனவினுக்கு
யாதுசெய் வேன்கொல் விருந்து.

அவருடைய தூதைக் கொண்டுவந்த இந்தக் கனவுக்கு நான் என்ன விருந்து வைப்பேன்? பள்ளியில் ஒப்பித்தபோது எனக்கு அதில் ஒன்றும் தெரியவில்லை. நாற்பது வயதுக்கு மேல் ஒருநாள் புத்தகத்தைத் திறந்தால் அங்கே பாட்டியின் துண்டு இருந்தது. அந்தப் பெண் அர்த்தம் கேட்கவில்லை, தங்கச்சி. பத்துக் குறளையும் படித்துப் பார், ஓர் இடத்திலும் கேட்கவில்லை. என்ன சமைக்கட்டும் என்றுதான் கேட்கிறாள். வீட்டுக்கு வந்தவரை வாசலில் நிறுத்தி, நீங்கள் வந்ததற்கு என்ன அர்த்தம் என்று கேட்போமா? பினாங்கில் மலாய்க்காரரைப் பார்த்தாலும் சீனரைப் பார்த்தாலும் முதலில் சாப்பிட்டாச்சா என்கிறார்கள், நாமும் அப்படித்தான். செத்தவர் வந்தால் மட்டும் அந்த மரியாதை எங்கே போய்விடுகிறது? ஜோதிடரைக் கேட்கிறோம், எண் கணிதத்தைக் கேட்கிறோம், முன்பின் தெரியாத என்னைக் கேட்கிறோம். வந்தவரைத் தவிர எல்லோரையும் கேட்கிறோம்.

பினாங்கு ஆயர் ஈத்தாமில் எனக்குக் கீழ்வீட்டில் ஒரு சீனத்து அக்கா இருக்கிறார். போன வருடம் ஒரு சாயங்காலம் தகர டின்னில் காகிதச் சட்டை ஒன்றை எரித்துக்கொண்டிருந்தார். சீனர்கள் செத்தவர்களுக்குப் படைக்கும் செங் பெங்கும் இல்லை, ஏழாம் மாதமும் இல்லை. என்ன விசேஷம் என்றேன். புருஷன் ராத்திரி கனவில் வந்து குளிர்கிறது என்றாராம். காலையில் கடைக்குப் போய்க் குளிர்ச்சட்டை மாதிரி செய்த காகிதத்தை வாங்கி வந்துவிட்டார். பொத்தான் போட்டிருக்கிறதா என்று பார்த்துத்தான் வாங்கினாராம்.

உன் அப்பாவுக்கு வருவோம். பேசாமல் நிற்கிறார் என்று குறைப்படுகிறாய். ராத்திரி முழுக்க ஓட்டிவிட்டு வருகிற மனிதர் வாசலில் நின்று என்ன பேசுவார்? கேட் பூட்டியிருந்ததா? நீ சாவியை எடுத்தாயா, ஜன்னலிலேயே நின்றாயா? தூக்குச்சட்டி காலியா, அதில் ஏதாவது இருந்ததா? இது எதையும் எழுதவில்லை. விடியலில் வந்ததும் அவர் முதலில் என்ன கேட்பார், கோப்பியா, மைலோவா, ராத்திரி மிஞ்சிய சோறா, அதுவும் கடிதத்தில் இல்லை. அதை எனக்கு எழுது. எழுதுவதற்கு முன்னால் ஒருநாள் ஐந்து மணிக்கு எழுந்து அதைச் சூடாகச் செய்து கேட்டண்டை கொண்டு வை. கேட்டையும் திறந்து வை. செந்தூலில் இருட்டோடு கேட்டைத் திறந்து வைக்கப் பயம் என்பாய். பத்து நிமிடம் போதும், நீயும் பக்கத்திலேயே நில். உன் கணவரையும் எழுப்பிக்கொள்.

அன்புடன்,
அக்கா